முற்றத்துத் தொலைகாட்டியும் கோள்களின் ஒளிப்படமும்

1901ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், திருகோணமலையில் தம் சொந்தத் தொலைகாட்டியால் வியாழனை நோக்கிக்கொண்டிருந்த இராணுவ அதிகாரி ஒருவர், அக்கோளின் தென்பாகத்தில் அதற்குமுன் இல்லாத கருங்கறையொன்றைக் கண்டார். அவர் பெயர் பேர்சி பிரேபுறூக் மோல்ஸ்வேர்த். கொழும்பிற் பிறந்தவர்; பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவிற் பணியாற்றியவர்; வானியலை ஊதியங் கருதாது உவகை கருதிப் பயின்றவர். அவரிடம் இருந்தது 12½ அங்குல விட்டமுள்ள தெறிப்புத் தொலைகாட்டி. அன்று அவர் கண்ட கறை பின்னர் நீண்டு விரிந்து, தென் அயனமண்டலக் குழப்பம் என்னும் பெயரால் 1939ஆம் ஆண்டு வரை வானியலாரால் தொடர்ந்து நோக்கப்பட்டது. செவ்வாய்க் கோளிலுள்ள பெருங்குழியொன்று இன்று மோல்ஸ்வேர்த்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மோல்ஸ்வேர்த் தாம் கண்டவற்றை வரைந்தார். ஒவ்வொரு கறையும் கோளின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்து வைத்தார். அதே பணியை இன்று ஒரு மாணவன், சிறு தொலைகாட்டியொன்றையும் அதிற் பொருத்தத்தக்க படக்கருவியொன்றையும் கொண்டு, தன் வீட்டு முற்றத்தில் இருந்தவாறே செய்யலாம். அதனைச் செய்யும் வகையையும், செய்யுங்கால் எதற்கு அஞ்சவேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

கோளின் சிறுமையும் காற்றின் அலைவும்

முழுமதி நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப்பாகை அகலமுடையதாய்த் தோன்றும். ஒரு பாகையை 3,600 விகலைகளாகப் பகுப்பர். ஆகவே மதியின் அகலம் ஏறத்தாழ 1,800 விகலையாகும். வியாழனோ பூமிக்கு மிக அண்மையில் வருங்காலத்தும் ஏறத்தாழ 50 விகலையே தோன்றும். சனியின் வட்டு 20 விகலை. செவ்வாய் மிக அண்மித்தபோதும் 25 விகலை. இவ்வளவுகளின் சிறுமையை உணர வேண்டின், 2 சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயமொன்றை 80 மீற்றருக்கு அப்பால் வைத்து நோக்குக. அந்நாணயத்தின் அளவே வியாழனின் அளவு. அதிற் பொறித்த எழுத்தை வாசிப்பது எத்துணை அரிதோ, வியாழனின் முகிற்பட்டைகளை ஆராய்வதும் அத்துணை அரிது.

தொலைகாட்டியின் பிரித்துக்காட்டும் ஆற்றல் அதன் ஆடியின் விட்டத்தைப் பொறுத்தது. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நல்ல ஆடி, 0.6 விகலை இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை வேறு வேறாகக் காட்டவல்லது. ஆயின், நமக்கும் கோளுக்கும் இடையே வளிமண்டலம் என்னும் திரை ஒன்றுண்டு. வெப்பமும் குளிர்ச்சியும் கலந்து அலையும் காற்று, ஒளிக்கதிரை ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு பக்கமாக முறிக்கின்றது. சாதாரண இரவுகளில் இவ்வலைவு 1 முதல் 3 விகலை வரை உருவைக் கலைத்துவிடும். ஆகவே ஆடியின் ஆற்றலிற் பெரும்பகுதி வீணாகின்றது.

துலாவால் நீர் மொண்டவுடன் கிணற்றினுள் நோக்கியவர் இதனை எளிதில் உணர்வர். அடியிற் கிடக்கும் காசு நெளிந்தும் உடைந்தும் தோன்றும். ஆயினும் இடையிடையே, ஒரு கணம், நீர்ப்பரப்பு அமைதியுறும். அக்கணத்திற் காசு தெளிவாய்த் தெரியும். மறுகணம் மீண்டும் கலைந்துவிடும். கோளை நோக்குவோனுக்கும் இவ்வாறே தெளிந்த கணங்கள் வாய்க்கின்றன. அக்கணங்களைப் பற்றிக்கொள்வதே இக்கலையின் உயிர்நிலை.

கண்ணின் துணிவும் அதன் பிழையும்

படச்சுருள் வழங்கிய காலத்தில் இக்கணங்களைப் படக்கருவியாற் பற்ற இயலவில்லை. உருவைப் பெரிதாக்கியபோது அதன் ஒளி மங்கிற்று. எனவே படச்சுருள் சில செக்கன்கள் ஒளியேற்க வேண்டியதாயிற்று. அதற்குள் நல்ல கணமும் தீய கணமும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து உரு மழுங்கிற்று. மனிதக் கண்ணோ தெளிந்த கணத்தைக் கண்டு நினைவில் நிறுத்தவல்லது. ஆதலின் நெடுங்காலம் ஒளிப்படத்தினும் கைவரைவே நுட்பம் மிக்கதாய்க் கருதப்பட்டது.

ஆனால் கண் தனித்துக் காண்பதில்லை. அதன் பின்னே மனம் நிற்கின்றது. 1877ஆம் ஆண்டில் மிலான் நகரத்து வானியலார் ஸ்கியாப்பரெல்லி, செவ்வாயில் நேரிய கோடுகள் பலவற்றைக் கண்டு வரைந்தார். அவற்றுக்கு அவர் இட்ட இத்தாலியப் பெயர் 'ஓடை' என்றும் 'கால்வாய்' என்றும் பொருள்படும். 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக்ஸ்ரவ் நகரில் தம் செலவில் வானிலையம் அமைத்த பேர்சிவல் லோவல், அவை அறிவுடை உயிர்கள் வெட்டிய நீர்ப்பாசனக் கால்வாய்களே எனத் துணிந்து நூல்கள் எழுதினார். 1905ஆம் ஆண்டில் அவருடைய வானிலையத்தில் லாம்ப்லண்ட் என்பார் செவ்வாயை ஒளிப்படம் எடுத்தார். அப்படங்கள் மிகச் சிறியன. கால்வாய் உண்டு என்றோர் அவற்றிற் கால்வாயைக் கண்டனர். இல்லை என்றோர் வெறும் மங்கலையே கண்டனர்.

1909ஆம் ஆண்டில் அந்தோனியாடி என்பவர், பாரிசை அடுத்த மேடன் வானிலையத்தின் 83 சென்ரிமீற்றர் தொலைகாட்டியாற் செவ்வாயை நோக்கினார். காற்று அமைதியுற்ற வேளையில், கோடுகள் என எண்ணப்பட்டவை ஒழுங்கற்ற சிறு கறைகளாய்ப் பிரிந்து தோன்றின. 1965ஆம் ஆண்டு யூலை மாதம் மரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று படங்களை அனுப்பியபோது, அவற்றில் வட்டக்குழிகள் இருந்தன, கால்வாய்கள் இருக்கவில்லை. லோவல் பொய்யர் அல்லர். அவர் உழைப்பாளி, கூர்ந்த நோக்குடையவர். தாம் காண விரும்பியதைத் தம் கண்ணிலிருந்து பிரித்தறிய அவரால் இயலாதுபோயிற்று. அவ்வளவே.

நல்ல கணங்களைத் தெரிந்தெடுத்தல்

இந்நிலையை மாற்றியது மின்னணுப் படக்கருவியாகும். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டேவிட் பிரீட், மிகக் குறுகிய நேரம் ஒளியேற்கும் படங்கள் பலவற்றுள் ஒன்று காற்றின் கலக்கமின்றி அமைவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டு வெளியிட்டார். ஏறக்குறைய 2000ஆம் ஆண்டளவில், கணினியோடு இணைத்து முகம் பார்த்துப் பேசுதற்கென விற்கப்பட்ட மலிவான படக்கருவிகளைத் தொலைகாட்டியிற் பொருத்திய ஆர்வலர்கள், அக்கணக்கின் பயனைத் தம் முற்றத்திலேயே கண்டனர்.

முறை எளியது. ஒரு படம் எடுப்பதற்குப் பதிலாக அசையும் படமாகப் பதிவு செய்க. செக்கனுக்கு 100 சட்டங்கள் வீதம் 2 நிமிடம் பதிந்தால் 12,000 சட்டங்கள் கிடைக்கும். அவற்றுட் பெரும்பாலானவை கலங்கியவை, சில தெளிந்தவை. கணினி அவற்றைத் தரம் பிரித்து, தெளிந்தவற்றுள் 1,600ஐ எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தச் சீர்செய்து, சராசரி காணும். ஒவ்வொரு சட்டத்திலும் மணல் தூவினாற்போல் இரைச்சற் புள்ளிகள் இருக்கும். அவை சட்டத்துக்குச் சட்டம் இடம் மாறுவன; கோளின் உருவோ மாறாது நிற்பது. எனவே சராசரி காணுங்கால் புள்ளிகள் ஒன்றையொன்று அழிக்க, உரு நிலைபெறும். இரைச்சல், சட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் வீதப்படி குறையும். 1,600 சட்டங்களுக்கு அது நாற்பதில் ஒன்றாகும். இப்பணிக்கான கணினி நிரல்கள் சிலவற்றை ஆர்வலர்களே எழுதி, விலையின்றி வழங்கியுள்ளனர்.

2 நிமிடம் என்னும் எல்லை ஏன் எனின், வியாழன் தன் அச்சில் 10 மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் ஒருமுறை சுழல்கின்றது. அதன் நடுவிலுள்ள கறையொன்று 2 நிமிடத்தில் ஏறத்தாழ அரை விகலை நகர்ந்துவிடும். அஃது 20 சென்ரிமீற்றர் ஆடியின் ஆற்றலெல்லைக்கு ஒப்பானது. அதற்குமேற் பதியின் கோளின் சுழற்சியே உருவை மழுக்கும். செவ்வாய் சுழல 24 மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகும். தோற்றத்திலும் அது சிறியது. ஆதலின் அதனைப் பல நிமிடம் பதியலாம்.

செய்முறை

முதலாவது, தொலைகாட்டியின் இரு ஆடிகளையும் நேர்படுத்துக. உயர்ந்த நட்சத்திரம் ஒன்றைக் குவியத்திலிருந்து சிறிது விலக்கி நோக்கினால் ஒளிவளையங்கள் தோன்றும். அவை ஒருமையமாய் அமைந்தால் ஆடிகள் நேராயுள்ளன. ஒரு பக்கம் ஒதுங்கினால் திருகாணிகளைத் திருத்துக. மங்கிய படத்துக்குக் காற்றைப் பழிப்போர் பலர். உண்மையிற் குற்றம் பெரும்பாலும் இவ்வாணிகளிலேயே உள்ளது.

இரண்டாவது, பதிவு தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே கருவியை வெளியில் வைக்க. வீட்டின் வெப்பத்தை ஆடி இழக்கும்வரை குழாயினுள்ளேயே காற்று அலையும். சீமந்துத் தரையும் தார்வீதியும் ஓட்டுக்கூரையும் பகல் வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்வன. அவற்றுக்கு மேலாக நோக்குவதினும் புற்றரையோ மரஞ்செறிந்த வளவோ உள்ள திசையில் நோக்குதல் நன்று.

மூன்றாவது, கோள் உயர ஏறும்வரை காத்திருக்க. இதில் எம் நாட்டுக்கு வாய்த்த பேறு பெரிது. கோள் தென்கோடியில் நிற்குங்காலத்தும் யாழ்ப்பாணத்தில் அஃது ஏறத்தாழ 57 பாகை உயரத்துக்கு ஏறும். இலண்டனில் 15 பாகையே ஏறும். தலைக்கு நேரே உள்ள வளியின் தடிப்பை ஒன்றெனக் கொண்டால், இங்கு ஒளி கடக்கும் வளி 1.2 பங்கு, அங்கு ஏறத்தாழ 4 பங்கு. தாழ்ந்து நிற்கும் கோளின் ஒளி வளியினூடே நிறம் பிரிந்து, ஓரங்களிற் செம்மையும் நீலமும் படர்வதும் உண்டு. இக்குறை எமக்கு மிகச் சிறிதே.

நான்காவது, உருவின் பருமன். படக்கருவியின் உணர்தட்டிலுள்ள ஒவ்வொரு நுண்கட்டத்தின் அகலத்தையும் மைக்கிரோமீற்றரில் அறிந்து, அதனை ஐந்தாற் பெருக்குக. கிடைக்கும் எண்ணே தொலைகாட்டியின் குவியத்தூரத்துக்கும் ஆடி விட்டத்துக்கும் இடையிலான தகுந்த விகிதமாகும். கட்டம் 3 மைக்கிரோமீற்றராயின் விகிதம் 15. இடையில் ஒரு விரிவில்லையைப் பொருத்தி இதனைப் பெறலாம். தனிப் படக்கருவி இல்லாத மாணவன் தன் கைப்பேசியைப் பார்வைத்துண்டின்மேல் அசையாது பொருத்தி அசைபடம் எடுப்பினும், வியாழனின் பட்டைகளும் சனியின் வளையமும் நன்கு கிடைக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. புதனும் வெள்ளியும் ஞாயிற்றுக்கு அண்மையில் நிற்பன. ஞாயிறு வானில் இருக்கும்போது இளைஞர் தனித்து அவற்றைத் தேடுதல் ஆகாது. தகுந்த வடிகட்டியின்றித் தொலைகாட்டியூடாக ஞாயிற்றை ஒரு கணம் நோக்கினும் கண் கெடும்.

கூர்மையாக்கலும் பழைய பிழையும்

சராசரி கண்டு பெற்ற படம் முதலில் மென்மையாய்த் தோன்றும். கணினியில் அதன் நுண்விவரங்களைக் கூர்மையாக்கும்போது பட்டைகளும் சுழிகளும் வெளிப்படும். பார்ப்போர் உள்ளம் துள்ளும் இடம் இதுவே. வழுக்கி விழும் இடமும் இதுவே. அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாக்கினால் இல்லாதனவும் தோன்றும். செவ்வாயின் ஒளிமிக்க ஓரத்துக்கு உட்புறமாகக் கருவளைவு ஒன்று எழும். அது செவ்வாயில் இல்லை. சனியின் வளையத்தில் காசினி இடைவெளி உண்மையானது, அதற்கு அப்பாலும் மெல்லிய கோடுகள் சில தோன்றக்கூடும், அவையெல்லாம் உண்மையல்ல. அண்மைக்காலத்திற் செயற்கை நுண்ணறிவாற் படங்களைத் தெளிவாக்கும் நிரல்களும் வந்துள்ளன. வேறு பல படங்களிற் பயின்ற அவை, உமது படத்தில் இல்லாத நுட்பத்தைத் தாமே இட்டு நிரப்பவுங் கூடும். அழகிய படம் கிடைக்கும்; ஆனால் அன்றிரவு வியாழன் அவ்வாறு இருந்ததா என்னும் வினாவுக்கு அப்படம் விடை கூறாது. லோவலின் மனம் செய்ததை இங்கு பொறி செய்கின்றது.

சாட்சியமாகும் படம்

படத்தின் பெறுமதி அழகில் மட்டும் இல்லை என்பதற்கு அவுஸ்திரேலியர் ஒருவரின் அனுபவம் சான்று. 2009ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து மரம்பேற்மன் என்னும் ஊரில், கணினி நிரலாளரான அந்தோனி வெஸ்லி தம் 37 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் வியாழனைப் பதிந்துகொண்டிருந்தார். தென்முனையருகே கருங்கறையொன்று சுழன்று வந்தது. அதனைத் துணைக்கோளின் நிழல் எனவே முதலில் அவர் ஐயுற்றார். ஆயின் இடமும் வடிவும் அதற்குப் பொருந்தவில்லை. இரு நாட்களுக்கு முன் தாமே எடுத்த படங்களை ஒப்புநோக்கினார். அவற்றில் அக்கறை இல்லை. உடனே வானியலார்க்கு அறிவித்தார். ஹவாயிலுள்ள அகச்சிவப்புத் தொலைகாட்டியும் பின்னர் ஹபிள் விண்தொலைகாட்டியும் உறுதிப்படுத்தின: வியாழனில் ஒரு பொருள் வந்து மோதியிருந்தது. அவருக்குத் துணைநின்றது கருவியின் பெருமை மட்டுமன்று. திகதியும் நேரமும் குறித்து அவர் பேணிவைத்த பழைய படங்களுமாகும்.

அடுத்த ஆண்டு யூன் 3ஆம் திகதி வியாழனில் ஏறக்குறைய 2 செக்கன் நேரம் ஓர் ஒளி மின்னிற்று. வெஸ்லியின் பதிவில் அது விழுந்தது. தனியொரு பதிவாயின் கருவிக் குறையென ஐயுற இடமிருந்திருக்கும். ஆயின் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் கிறிஸ்தோபர் கோ என்பவர் அதே வேளையில் எடுத்த பதிவிலும் அதே மின்னல் இருந்தது. இரு சாட்சியர் ஒத்துக் கூறவே உண்மை நிலைபெற்றது. இந்தக் கோ என்பாரே, வியாழனில் மூன்று வெண்ணிறச் சுழிகள் ஒன்றிணைந்து உருவான பெருஞ்சுழியொன்று செந்நிறமாய் மாறியதை 2006ஆம் ஆண்டில் முதலிற் கண்டறிவித்தவர். செபு நகரம் யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டுக்கு மிக அண்மையிலேயே உள்ளது. அவருடைய வானம் எமது வானமே.

2016ஆம் ஆண்டில் வியாழனை அடைந்த யூனோ விண்கலம் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரமே கோளை மிக அண்மித்துச் சென்றது. அவ்விடைக்காலங்களில் முழுக்கோளின் நிலையை அறிய ஆர்வலர்களின் படங்கள் அறிஞர்க்குப் பயன்பட்டன.

எமக்கு நேர்ந்த ஒன்று

வெஸ்லியின் வரலாற்றைப் படித்த பின்னர், நாமும் ஓரிரவு வியாழனின் வட்டில் சிறு கருங்கறையொன்றைக் கண்டோம். நெஞ்சு படபடத்தது. துணைக்கோள்களின் அட்டவணையை நோக்கினோம். அந்நேரத்தில் எந்நிழலும் இருக்கவில்லை. வானியலார்க்குக் கடிதம் ஒன்றை எழுதவும் தொடங்கினோம். பாதி எழுதியபின் ஐயம் ஒன்று எழ, மீண்டும் முற்றத்துக்குச் சென்று, கோளைச் சட்டத்தின் மற்றொரு மூலைக்கு நகர்த்தினோம். கோள் நகர்ந்தது; கறை நகரவில்லை. உணர்தட்டின் முன்னிருந்த கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. அக்கடிதத்தை இன்றும் கிழித்தெறியாது வைத்திருக்கின்றோம். கோளை நகர்த்திப் பார்க்க எடுத்த அரை நிமிடத்தினும் பயனுள்ள அரை நிமிடத்தை நாம் கழித்ததில்லை.

ஆகவே இத்துறையிற் புகும் மாணவர்க்கு நாம் கூறுவன சிலவே. ஒவ்வொரு படத்தின் கீழும் திகதி, நேரம், கருவி, காற்றின் நிலை ஆகியவற்றை எழுதுக. கூர்மையாக்காத மூலப்பதிவை அழிக்காது பேணுக. புதியதொன்றைக் கண்டால் கோளை நகர்த்துக, படக்கருவியைத் திருப்புக, இரண்டாம் முறை பதிக. பின்னர் வேறோர் ஊரில் உள்ள ஒருவரின் படத்தோடு ஒப்பிடுக. இத்தனைக்கும் பிறகு அது நிலைத்து நின்றால், அஞ்சாது உலகுக்கு அறிவிக்க.

வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்ற 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகும். ஒரு கல்லூரியின் பொன்விழாவுக்கும் நூற்றாண்டு விழாவுக்கும் இடையில் அது நான்குமுறை சுற்றி முடிக்கும். மோல்ஸ்வேர்த் 1908ஆம் ஆண்டில் திருகோணமலையிலேயே காலமானார். அவர் கண்ட கறையோ அவருக்குப் பின்னும் 31 ஆண்டுகள் வியாழனில் நிலவிற்று. அதனை நோக்கியோர் அவர் குறித்துவைத்த நேரங்களிலிருந்தே தம் கணக்கைத் தொடங்கினர். இன்று எம் மாணவன் ஒருவன் தன் முற்றத்திலிருந்து எடுத்துத் திகதியிட்டு வைக்கும் படமும், இன்னும் பிறவாத ஒருவனுக்கு அவ்வாறே பயன்படக்கூடும். அப்படம் உண்மையாயிருத்தல் ஒன்றே அதற்கு வேண்டுவது.